கப்பலில் ஒற்றைச் செருப்பு

அத்தியாயம் 5

ஒரு பொருள் திருட்டுப் போனால் புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஸ்டேஷன் இருக்கிறது, ரைட்டர் இருக்கிறார், அவர் பேனா எழுதாவிட்டால் இரவல் கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார். ஆனால் ஒரு பொருள் கூடிப்போய்விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? மரக்காணம் போர்க்கப்பல் காட்சியகத்தின் காப்பாளர் கார்த்திகேசனுக்கு அந்தச் சங்கடம்தான் வந்திருந்தது. போலீசுக்குச் சொல்ல வெட்கப்பட்டு வசந்தாவுக்குப் போன் செய்தார்.

வசந்தா புதுச்சேரியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடிக்கும் வேலையில் தலை நரைத்தவர். எரியாத கடைக்கும் சாகாத மாட்டுக்கும் பணம் கேட்டு வந்தவர்களை ஒரே பார்வையில் வாசலுக்கு அனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பார்வை வீணாகிவிடக் கூடாதென்று சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கினார். மணிவண்ணன் அவருக்குக் கார் ஓட்டுகிறான். கூடவே வாயும் ஓட்டுகிறான். முதல் வேலைக்குத்தான் சம்பளம். இரண்டாவதை நிறுத்திக்கொண்டால் சம்பளத்தை உயர்த்துவதாக வசந்தா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

பொம்மையார்பாளையம் தாண்டியதிலிருந்து அவன் அந்தப் புகாரையே மென்றுகொண்டு வந்தான்.

"மேடம், போன வாரம் நம்ம வண்டியிலகூட ஒரு கீறல் கூடியிருக்குது. கேஸ் எடுப்பீங்களா?"

"அது நீ போட்டது."

"அப்ப கேஸ் முடிஞ்சிடுச்சு."

காட்சியகம் உப்பளங்களுக்கு நடுவே, பெரிய அரிசி ஆலை மாதிரி ஒரு கட்டடத்தில் இருந்தது. உள்ளே கிடந்த கப்பல் பிரெஞ்சுக்காரர்களுடையது. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் சண்டை போடுவதற்கென்று வந்து, நங்கூரம் போட்டு, சண்டை தொடங்கும் முன்பே ஒரு புயலில் முழுகிப்போனது. பீரங்கி ஒன்றுகூட வெடிக்கவில்லை. கார்த்திகேசன் இந்த இடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார், குடும்பத்தில் யாரோ ஓடிப்போன சேதியைச் சொல்வதுபோல.

கடலடியிலிருந்து அதைத் தூக்கி வந்ததும் மரத்துக்குள் ஊறிக்கிடந்த உப்பை வெளியே எடுக்க வருஷக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊற வைத்தார்களாம். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரே தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க முதுகு ஒடிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மரத்திலிருந்து உப்பை எடுக்க வெளிநாட்டிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் ஒரு நாளும் விசாரித்துக்கொள்ளவில்லை.

கப்பலின் பலகைக்கு மண் ஆகாது, தூசி ஆகாது. ஆகவே செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே போகக் கூடாது. வாசலில் ஸ்டாண்டு வைத்து, டோக்கன் கொடுத்து, அமைச்சரே வந்தாலும் வெறுங்காலோடுதான் அனுப்பினார்கள். அப்படிப்பட்ட இடத்தில், கீழ்த்தட்டில், பீரங்கிச் சக்கரத்துக்கும் கப்பல் சுவருக்கும் நடுவே ஒரு ரப்பர்ச் செருப்பு முளைத்திருந்தது. இடது கால். ஆம்பளைச் செருப்பு. நன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அதைவிட மோசம், யாரும் கவனிக்காமல் அந்த மூலையைப் படம் பிடித்து இணையதளத்திலும் போட்டுவிட்டார்கள். எங்கேயோ ஒரு பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுக் கடற்படையில் ரப்பர் புழங்கிய காலத்தைத் தாம் மறுபரிசீலனை செய்து வருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நாளை மறுநாள் பிரான்சிலிருந்து ஒரு குழு வருகிறது. யார் உள்ளே கொண்டுவந்தார்கள், ஏன் கொண்டுவந்தார்கள் என்று கார்த்திகேசனுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்றைக்குச் செருப்பு வைத்தவன் நாளைக்கு வெடிகுண்டு வைக்க மாட்டான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார்.

"வெடிகுண்டு வெக்கிறவன் ஒத்தச் செருப்பை வெச்சு ஒத்திகை பார்க்க மாட்டான் சார்," என்றான் மணிவண்ணன்.

கேமராக்களைப் பார்த்தார்கள். அவையெல்லாம் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஆட்களைப் பார்க்கவில்லை. திருட்டுக்குப் பயந்து வைத்த கேமராக்கள் அப்படித்தான் பார்க்கும்.

மணிவண்ணனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்யாண மண்டபத்தில் அவன் செய்வதே அதுதான்: ஒரு செருப்பை இந்த மூலையிலும் இன்னொன்றை அந்த மூலையிலும் கழற்றிப் போடுவான். ஜோடி சேராத செருப்பை எவனும் எடுத்துப்போக மாட்டான். இதுவும் அப்படித்தான் என்றால் வலது கால் இதே கப்பலில் வேறெங்கோ இருக்க வேண்டும். கப்பலின் முன்கோடி முதல் பின்கோடி வரை அவன் தவழ்ந்து தேடினான். ஒரு குழந்தையின் பால் பாட்டில் மூடியும், நிபுணர் ஒருவர் தொலைத்த மூக்குக் கண்ணாடியும் கிடைத்தன. வலது கால் கிடைக்கவில்லை.

வசந்தா தேடவில்லை. கார்த்திகேசனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்துக் குப்பங்களிலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் கப்பல் பார்க்க வருவார்களா?

கார்த்திகேசனின் மனக்குறையே அதுதான். திறப்பு விழாவன்று மீனவர்களுக்கு இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்களாம். ஒருவர்கூட வரவில்லை. பிரியாணி போடுவதாகச் சொன்னார்கள். உப்பளத்து ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள்; கடல்காரர்கள் வரவில்லை.

"வர மாட்டாங்க சார். முங்கின படகுல கால் வெச்சவன் மறுபடி தன் படகுல கால் வெக்க முடியாதுன்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு," என்றார் வசந்தா. செருப்பை ஒரு பையில் போடச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வாசலில் ஸ்டாண்டுக்கு முன்னால் நின்று அந்தச் செருப்பை மணிவண்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அவனுடையது ஊரில் எல்லோருடைய செருப்பையும் போலத்தான் இருந்தது: மேலே வார் வெயிலில் வெளுத்து, அடியில் நீலம் நீலமாகவே இருந்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் கிடந்ததோ நேர்மாறு. வார் பளிச்சென்ற நீலம். அடிப்பாகம் பால் மாதிரி வெளுத்து, வெடித்து, சொரசொரத்துக் கிடந்தது.

"மேடம், இந்த ஆளு தலைகீழா நடந்திருக்கான்."

"நடக்கலை. செருப்பு தலைகீழா கிடந்திருக்குது. ரொம்ப நாளா, வெட்டவெளியில. வீட்டு வாசல்ல ஒரு செருப்பு கவுந்து கிடந்தா என்ன பண்ணுவே?"

"ஓடிப்போய் நிமித்துவேன். இல்லன்னா வீட்ல சண்டை வரும். நிமித்தினாலும் வருது, அது வேற."

"யாருமே நிமித்தாத ஒரு இடம் எது?"

அவனுக்குத் தெரியவில்லை. வசந்தா கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார். கடலுக்குப் போகிறவன் செருப்போடு படகில் ஏற மாட்டான். கரையில் கழற்றிவிட்டுப் போவான். திரும்பி வருகிறபோது கால் சுடாமலிருக்கக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். வந்தவுடன் நிமிர்த்திப் போட்டுக்கொள்வான். அடிப்பாகம் இவ்வளவு வெளுக்கிறவரை ஒரு செருப்பு கவிழ்ந்தே கிடந்தது என்றால், போட்டுக்கொள்ள வேண்டியவன் வரவில்லை.

மணிவண்ணன் அந்தச் செருப்பைத் தன் செருப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தான். 

கடல்காரன் செருப்பை, கடல்காரர்கள் கால் வைக்காத ஒரே இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றார் வசந்தா. அப்படியென்றால் ஒளித்தது வெளியாள் இல்லை. பக்கத்து மீனவக் குப்பத்து ஆள்தான், தன் சொந்த ஜனங்களிடமிருந்து மறைத்திருக்கிறார். புறப்படப் போகிற நேரத்தில் ஸ்டாண்டுக்காரர் மெல்ல ஒரு விஷயம் சொன்னார். டோக்கன் திரும்பி வராத ஒரு ஜோடி அவரிடம் கிடக்கிறதாம். பொம்பளைச் செருப்பு, புதுசு போலிருக்கிறது. விட்டவர் யாரென்று முகம் ஞாபகமில்லை. செருப்பைத்தான் தாம் பார்ப்பதாகச் சொன்னார்.

"ஒரு செருப்பைக் கொண்டாந்து வெச்சுட்டு ரெண்டு செருப்பை விட்டுட்டுப் போயிருக்காங்க. நல்ல மனசு மேடம்," என்றான் மணிவண்ணன். அந்த ஜோடியையும் பையில் போட்டுக்கொண்டார்கள்.

ஆகக் கிட்டத்துக் குப்பம் அங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருந்தது. மணலில் ஃபைபர் படகுகள் வரிசையாகக் கிடந்தன. வலைக் கொட்டகையில் சிலர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. எந்தப் படகு திரும்பி வரவில்லை என்று கேட்டார். வலையில் ஓடிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. ஓர் ஆள் மட்டும் எழுந்து வந்தான். முப்பதை ஒட்டிய வயசு, பெயர் சரத்குமார். மணிவண்ணன் அவனுக்கு மட்டும் தெரியும்படி பையைத் திறந்து காட்டினான்.

இடது செருப்பின் வார் ஓரிடத்தில் அறுந்து, வலை நூலால் தைக்கப்பட்டிருந்தது. சரத்குமார் அந்தத் தையலைக் கட்டைவிரலால் தடவினான்.

"எங்க அண்ணனுது," என்றான்.

அண்ணன் ஐயப்பன். போன வருஷம் ஐப்பசியில் புயல் கிளம்புவதற்கு முன், போட்ட வலையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஒண்டியாகப் போனவன். அவனும் வரவில்லை, படகும் வரவில்லை, படகின் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. செருப்பு மட்டும் கொட்டகைக்குப் பக்கத்தில் அவன் கவிழ்த்து வைத்த இடத்திலேயே கிடந்தது. கடலுக்குப் போனவன் செருப்பை இன்னொருவர் தொட மாட்டார்கள். நாயைக்கூடத் துரத்திவிடுவார்கள். ஒரு மழை, ஒரு கோடை, மறுபடி ஒரு மழை. சுற்றிலும் படகு இழுத்தார்கள், வலை காய வைத்தார்கள். எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

இப்போது ஊர் கூடிப் பேசி, காரியம் செய்துவிடலாமென்று முடிவாகியிருந்தது. உடம்பு கிடைக்காதவனுக்கு அங்கே வைக்கோலில் ஓர் ஆள் கட்டுவார்கள். அவன் கடைசியாகக் கரையில் விட்டுப்போன செருப்பை அதன் காலில் மாட்டிக் கடலைப் பார்க்கப் படுக்க வைத்து எரிப்பார்கள். பிறகுதான் பெண்டாட்டியின் கழுத்திலிருந்து தாலி இறங்கும். அதுவரை அவன் செத்தவன் இல்லை, கடலுக்குப் போனவன். நாளைக்குக் காலையில் காரியம். செருப்பு எடுக்கப் போனால் இரண்டும் இல்லை.

"வைக்கோலெல்லாம் கொண்டாந்து போட்டாச்சு. கால் இல்லாத ஆளை எப்பிடிங்க அனுப்பறது?" என்றான் சரத்குமார்.

காரியம் செய்யலாமென்று முதலில் சொன்னது யார் என்று வசந்தா கேட்டார். அம்மாதான் என்றான். போனவன் போய்விட்டான், இருக்கிறவள் சின்னப் பெண், அவளை விட்டுவிடுங்கள் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது அம்மாதானாம். அண்ணியும் மறுக்கவில்லை. அத்தைக்கு மனசு ஆறினால் போதும் என்று ஒரே வார்த்தையில் சரி சொல்லிவிட்டாள். ஆனால் செருப்பைக் காணோம் என்றதும் ஊரில் எல்லோர் பார்வையும் அண்ணி பக்கம்தான் திரும்பியிருக்கிறது. வாயால் சரி சொல்லிவிட்டுக் கையால் எடுத்து ஒளித்துவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் வரை செருப்பு தன்னிடம் இருக்கட்டும் என்று வசந்தா கேட்டுக்கொண்டார். சரத்குமார் தலையாட்டினான். ஆட்டிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக இருந்தன. அந்தத் தெருவில் நடக்கும்போது மணிவண்ணன் பின்தங்கினான். வசந்தா நின்று திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இந்தக் கேஸை நம்மால கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிட்டா என்ன?"

"கண்டுபிடிச்சாச்சே."

"அதனாலதான் சொல்றேன். நாம இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தப் பொண்ணு நாளைக்குத் தாலி அறுக்கணும். குடுக்கலன்னா அந்த ஆளு கடலுக்குப் போயிருக்காரு. அவ்ளோதானே?"

அவரிடம் அவன் கேட்ட முதல் வேடிக்கை இல்லாத கேள்வி அது. வசந்தா அவனிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார். மேலே நடந்தார்.

வாசற்படியில் மாரியம்மாள் அரிவாள்மணையை மடியண்டை போட்டுக்கொண்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐயப்பனைப் பெற்றவள். மெலிந்த உடம்பு, உரத்த குரல். வந்தவர்களை யாரென்று கேட்காமலே, காரியம் நாளைக்குத்தான், இன்றைக்கே வந்துவிட்டீர்களே என்றாள். உள்ளே தலையைத் திருப்பி, "மலரு, தண்ணி குடு," என்றாள். செருப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் காரியம் நடந்தே தீரும் என்று அவர்களிடமும் சொன்னாள், தெருவிடமும் சொன்னாள். சொல்லும்போது மீனைப் பார்த்துக்கொண்டாள்.

ஐயப்பனின் மனைவி மலர்கொடி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். வசந்தா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்தார். மணிவண்ணன் சுவரோடு ஒட்டி நின்றான். வசந்தா பையிலிருந்து இடது செருப்பை எடுத்துத் தரையில் வைத்தார்.

மலர்கொடி சட்டென்று குனிந்து அதை எடுத்தாள். முதலில் அடிப்பக்கத்தைப் பார்த்தாள், பிறகு தையலைப் பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். கப்பலில் என்றதும் அவளுக்குப் புரியவில்லை. எந்தக் கப்பல் என்றாள்.

"நீங்க வெச்ச இடத்துலதாம்மா," என்றார் வசந்தா, கூடிய மட்டும் மெதுவாக.

"நான் எங்கயும் வெக்கலியே. அந்தக் கப்பலு பக்கம் நான் போனதே இல்ல."

பொய் சொல்கிறவர்களை முப்பது வருஷம் பார்த்த வசந்தா, இது பொய் இல்லை என்று கண்டுகொண்டார். அவர் முகத்தில் இருந்த நிச்சயம் அப்படியே கலைந்ததை மணிவண்ணன் பார்த்தான். அதுவரை அவன் அதைப் பார்த்ததில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மலர்கொடி கதவு இடுக்கு வழியாக வாசலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சாமி அலமாரியிடம் போய், அங்காளம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். எந்த வீட்டிலும் எந்த மனிதனும் தேடாத இடம். அங்கிருந்து ஒரு செருப்பை எடுத்துக்கொண்டுவந்து இடதுக்குப் பக்கத்தில் வைத்தாள். வலது கால். அடி வெளுத்திருந்தது, வார் நீலமாக இருந்தது.

"நான் எடுத்தது இத்த மட்டுந்தான்," என்றாள், குரல் வெளியே போகாதபடி. அவள் போனபோதே ஒன்றுதான் கிடந்ததாம். இன்னொன்றை நாய் இழுத்துப்போயிருக்கும் என்று நினைத்தாளாம். ஒன்று இருந்தாலும் காரியம் பண்ணிவிடுவார்களே என்று பயந்து அதை எடுத்துவந்துவிட்டாள். சாமிக்குப் பின்னால் செருப்பை வைத்தது பாவம் என்று அவளுக்குத் தெரியும். அவர் வந்த பிறகு பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று இருந்தாளாம். அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினாள். "அவங்க பாவம் மனச தேத்திக்கிட்டாங்க. நான் இன்னும் தேத்திக்கலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

மணிவண்ணனுக்கு அப்போதுதான் பையில் இன்னும் இருந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பெண்பிள்ளைச் செருப்பு ஜோடியை எடுத்து, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தான்.

மலர்கொடி அதைப் பார்த்தாள்.

"இது அத்தையோடது," என்றாள். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். கோயிலுக்குன்னா மட்டுந்தான் போடுவாங்க."

வாசலில் மீன் ஆயும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. கதவு திறந்தது. மாரியம்மாள் செதில் ஒட்டிய கைகளோடு நின்றாள். தரையில் வரிசையாக இருந்த நான்கு செருப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பார்வை அலமாரிக்குப் போயிற்று. அங்காளம்மன் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கிழவிக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒத்தையத்தான் எடுத்தேன்," என்றாள். "ஒண்ணு காணோம்னா நாயைச் சொல்லுவாங்க. ரெண்டும் காணோம்னா மனுசங்களைச் சொல்லுவாங்க. அதான் ஒண்ணை விட்டுட்டு வந்தேன். நீ அதையும் எடுத்துட்டியா?"

"ஏன் அத்தை அந்தக் கப்பல்ல போய்?"

"நம்ம ஆளுங்க அங்க வர மாட்டாங்க. அதுவும் இல்லாம," அவள் கையில் ஒட்டிய செதிலைச் சுரண்டினாள், "அது அடியில இருந்து வந்துச்சே மலரு. அத்தினி வருசம் கிடந்துட்டு வந்துச்சே. அது வெறும் மரம். எம் புள்ளைக்கு நீஞ்சத் தெரியும்."

கப்பலை விட்டு வெளியே வந்தபோது தன் செருப்பு ஞாபகமே வரவில்லையாம். வெயிலில் தார் ரோட்டில் நடந்து வீடு வந்து சேர்ந்து, கால் கழுவத் தண்ணீர் ஊற்றியபோதுதான் கொப்புளம் தெரிந்ததாம்.

"அப்புறம் ஏன் அத்தை ஊர்ல எழுந்து காரியம் பண்ணணும்னு சொன்னீங்க?"

"உனக்காகச் சொன்னேன். நீ ஏன் சரின்னே?"

"உங்களுக்காக."

மணிவண்ணனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கார்த்திகேசன். அவன் எடுத்து, கூடின பொருள் கழிந்துவிட்டது சார், இனிமேல் கூடாது என்று சொன்னான். யார் என்ற கேள்விக்கு நாய் என்று சொல்லி வைத்துவிட்டான். வசந்தா அவனைத் திருத்தவில்லை.

அவனுக்கு எதுவோ பயமாக இருந்தது. எது என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. இத்தனை நாளும் இந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சுவர் என்று நம்பிச் சாய்ந்திருந்தார்கள். அவளாவது தேறிவிட்டாள், வீடு நடக்கிறது, நான் ஒரு மூலையில் ரகசியமாகக் காத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். இப்போது பார்த்தால் சுவரே இல்லை. கேஸைக் கண்டுபிடித்து அந்தச் சுவரை எடுத்தது அவனும் வசந்தாவும்தான்.

மாரியம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் காத்துட்டு இருந்தா சோறு ஆக்கறது யாரு?" என்றாள்.

மலர்கொடி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதற்கா, தெரியாது என்பதற்கா என்று சொல்ல முடியாத ஆட்டம்.

"ஒருத்தர்தான் இருக்கணும் மலரு. அந்த வேலைய என்கிட்ட குடுத்துடு. எனக்கு வேற என்ன வேலை இருக்குது. மீன் ஆயுறேன், ஆயாம இருக்கும்போது உக்காந்திருக்கேன். நீ அப்பிடி இல்ல. நீ விடியறதுக்கு முன்னால எழுந்து கூடை தூக்கணும். ராவெல்லாம் காது குடுத்துட்டு இருந்துட்டு எப்பிடி எழுந்திருப்பே? எனக்குத் தெரியும், நீ தூங்கறதில்ல. நானும் தூங்கறதில்ல. ஒருத்திக்கொருத்தி தூங்கற மாதிரி படுத்துக் கிடந்தோம்."

"நான் விட மாட்டேன் அத்தை."

"விட வேணாம். என்கிட்ட குடு. நான் அவனைப் பெத்தவ. உன்னைவிட நல்லாவே பார்த்துப்பேன்."

அவள் இடது செருப்பை எடுத்தாள். அடிப்பக்கத்தை ஒரு தடவை துடைத்தாள். சேலையை இழுத்து இடுப்பில் மடி கட்டி அதற்குள் செருகிக்கொண்டாள், கப்பலுக்குக் கொண்டுபோனபோது எப்படிச் செருகியிருப்பாளோ அப்படியே. வலது செருப்பை மலர்கொடியின் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு கால் வைக்கோல் ஆளோட போவட்டும். ஒரு கால் என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு ஊர் கேட்டா, நாய் இழுத்துட்டுப் போனது போவ மீதி இதுதான் கிடைச்சுதுன்னு சொல்லு."

"இடதைப் பார்த்த சரத்குமார்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார் வசந்தா.

மலர்கொடி அந்தச் செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிவண்ணன் அவள் அதைத் திருப்பித் தந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தான்; தர வேண்டும் என்று விரும்பினான். அவள் தரவில்லை. வாயைத் திறந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டு அழுததில்லை. அழுதால் செத்துவிட்டான் என்று அர்த்தம். அதனால் அந்த ஐப்பசியிலிருந்து இரண்டு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தும்மலை அடக்குவதுபோல அதை அடக்கியே வைத்திருந்தார்கள். இப்போது மலர்கொடியின் குரல் கூரையைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. வைக்கோல் ஆளும் தீயும் நாளைக்கு வரட்டும். ஊருக்குச் சேதி இப்போதே போய்விட்டது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரி குப்பம்மாள் வந்தாள். அடுப்பை அணைக்காமல் வந்திருப்பாள் போல, கையில் அகப்பை இருந்தது. அதை வாசற்படியில் வைத்தாள், தலைமுடியை அவிழ்த்துக்கொண்டாள், உள்ளே வந்து மலர்கொடியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழத் தொடங்கினாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அடுத்து எதிர்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அப்புறம் தெருக்கோடியிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முடியை அவிழ்த்தார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வசந்தா எழுந்திருக்க இடமில்லாமல் அந்த வட்டத்துக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டார். யாரோ ஒருத்தி அவர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டாள். அவர் அதை எடுக்கவில்லை.

மணிவண்ணன் வெளியே வந்துவிட்டான். சரத்குமார் கரையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். தெருமுனைக்கு வந்ததும் சத்தம் தெளிவாகக் கேட்டிருக்கும்; அங்கேயே நின்றான். அப்புறம் மெல்லக் குந்தி மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். மணிவண்ணன் போய் அவன் பக்கத்தில் குந்தினான். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று யோசித்தான். அவனிடம் இருந்த வார்த்தையெல்லாம் சிரிக்க வைப்பதற்கென்று சேர்த்தவை.

திறந்த கதவு வழியாக உள்ளே தெரிந்தது. அத்தனை பெண்களும் ஆடி ஆடி அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் மாரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. முகம் கடல் இருக்கிற பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.